பந்தலூர் மலையில் தங்கம்: மரவையா, பள்ளமா, டிரில்லா?

நீலகிரியில் தேவாலாவிலோ பந்தலூரிலோ டீக்கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், "இந்த மலைக்குள்ள எவ்வளவு தங்கம் கெடக்கு?" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். எதை வைத்துப் பார்த்தோம் என்பதைப் பொறுத்துத்தான் பதிலும்.

மரவைக்கு, அதாவது தங்கம் அரிக்கும் மரத்தட்டுக்கு, செலவே இல்லை. ஓடை வளைவில் வண்டலை அள்ளித் தண்ணீரில் சுழற்றினால் லேசானதெல்லாம் ஓடிவிடும். தண்ணீரை 1 என்று வைத்தால் வெங்கச்சாங்கல்லின் (குவார்ட்ஸ்) அடர்த்தி 2.65, தங்கத்துக்கு 19.3. கடைசியில் விளிம்பில் பிறை போலக் கருமணல் நிற்கும்; அதன் வாலில் குண்டூசித் தலைகூட இல்லாத ஒரு மஞ்சள் பொட்டு. கைநிழலில் பிடித்துப் பாருங்கள், மைக்கா மங்கிவிடும், பொன் மங்காது. இதையே இன்று புவியியல் ஆய்வுத் துறை பெரிய அளவில் செய்கிறது: சதுர கிலோமீட்டருக்கு ஒரு வண்டல் மாதிரி, நான்கைச் சேர்த்து ஒரே மாதிரியாக ஆய்வகத்துக்கு. ஒரு மரம் விழாது. ஆனால் மேலே எந்தப் பாறையிலிருந்து வந்தது, டன்னுக்கு எத்தனை கிராம் என்று வண்டல் சொல்லாது.

அதற்குப் பள்ளம் வேண்டும். தங்கம் ஒளிந்திருக்கும் வெங்கச்சாங்கல் ஓட்டத்துக்கு, அதாவது பாறைக்குள் நாடா போல ஓடும் கல்லுக்கு, குறுக்கே வெட்டி, அகலம் முழுக்க ஒரே சீராகச் செதுக்கி எடுக்க வேண்டும். மஞ்சள் தெரியும் கல்லை மட்டும் பொறுக்கினால் கதை கந்தல். 1880இல் இந்த மலைத் தங்கத்தைப் பற்றிச் சுரங்க நிபுணர் பிரோ ஸ்மித்தின் அறிக்கை வந்ததும் லண்டனில் கம்பெனிகள் முளைத்தன. சில ஆண்டுகளில் கவிழ்ந்தன. 1901இல் நிலவியலாளர்கள் ஹேடனும் ஹேட்சும் நிதானமாக அளந்தபோது லாபத்துக்கு வழி தெரியவில்லை.

ஆழத்தைக் காட்டுவது டிரில்தான். ஆனால் ஒரு துளை, மணிக்கட்டுப் பருமனில் ஒரு கல்தண்டு. விட்டுவிட்டு ஓடும் கல்லில் அது தங்கத்தைத் தொடாமலே இறங்கிவிடலாம். ஆகவே நிறைய துளை. மிஷின் ஏற ரோடு, இறைக்கத் தண்ணீர், எல்லாம் யானை போகும் வழியில்! விமானத்திலிருந்து காந்த அளவு எடுத்தால் பாறைப் பிளவுகள் தெரியும், தங்கம் தெரியாது.

இந்தக் காட்டுக்கு நான் மரவையோடும் வண்டலோடும் தொடங்கி, பள்ளத்தோடு நிறுத்துவேன். புதுப் பள்ளம்கூட வேண்டாம். வெள்ளைக்காரன் குடைந்த சுரங்கங்கள் எஸ்டேட்டுகளுக்குள் வாய் பிளந்து கிடக்கின்றன, சுவரிலேயே மாதிரி எடுக்கலாம். கூரை உதிர்கிறதா, காற்று இருக்கிறதா என்று தெரிந்தவர் பார்த்துச் சொல்லும்வரை யாரும் உள்ளே கால் வைக்காதீர்கள்.