வீட்டு டிவிங்களுக்கு எந்த ஆப்: ஜெல்லிஃபினா, பிளெக்ஸா, எம்பியா, கோடியா

வீட்ல சேத்து வெச்ச படத்த எல்லாம் ஒரு கம்ப்யூட்டர்ல போட்டு டிவிங்களுக்கு அனுப்பினா அந்த கம்ப்யூட்டரும் அதுல ஓடற சாஃப்ட்வேரும் தான் சர்வர். ஜெல்லிஃபின், பிளெக்ஸ், எம்பி மூணுக்கும் சர்வரும் இருக்கு டிவி ஆப்பும் இருக்கு, கோடி வெறும் பிளேயர். எந்த சர்வர் போடலாம்னு தான் எல்லாரும் மண்டைய உடைச்சிக்கிறாங்க, ஆனா வீட்ல ஒக்காந்து படம் பாக்கறவங்க அந்த சர்வர கண்ணால கூட பாக்கப் போறதில்ல, அவங்க கைல ரிமோட், முன்னாடி டிவில ஓடற ஆப், அவ்ளோதான். அதனால டிவி ஆப்ப வெச்சு முடிவெடுங்க, சர்வர் அதுக்கப்புறம்.

எங்க வீடு மலேசியால, கோலாலம்பூர் செந்தூல்ல. ஹால்ல எல்ஜி, அம்மா அப்பா ரூம்ல சாம்சங், மேல தம்பி ரூம்ல பழைய டிவியோட ஒரு ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ். அண்ணன் கல்யாணமாகி தூரத்துல பினாங்கு பக்கம் பட்டர்வொர்த்ல இருக்காரு, அவருக்கும் இங்க இருக்கறத பாக்கணும். சர்வர் ஒரு இன்டெல் என்100 மினி பிசி, அதுல வருஷக்கணக்கா வாங்கி சேத்த டிவிடி எல்லாம் ரிப் பண்ணது, அதாவது தட்டுல இருந்து ஃபைலா எடுத்தது, அப்புறம் சித்தப்பா கல்யாண விசிடி, தைப்பூசத்துக்கு பத்துமலைல எடுத்த வீடியோ.

நாலு பேர சொல்றோம், ஆனா வேர் ரெண்டு தான். கோடிக்கு பழைய பேரு எக்ஸ்பிஎம்சி, 2014ல தான் பேர மாத்தினாங்க, பிளெக்ஸ் 2008 வாக்குல அதுல இருந்து பிரிஞ்சு வந்தது. எம்பி 2018 கடைசில சோர்ஸ் கோட, அதாவது எல்லாரும் பாக்கற மாதிரி இருந்த புரோகிராம, மூடினதும் அதே வருஷம் டிசம்பர்ல பிரிஞ்சு வந்தது ஜெல்லிஃபின். ஜெல்லிஃபின்ல எதுக்கும் காசு இல்ல, ஹார்ட்வேர் டிரான்ஸ்கோடிங் உட்பட, அதாவது டிவிக்கு ஒத்து வராத வீடியோவ சர்வர் சிப்போட உதவியால உடனே மாத்தி அனுப்பறது. பிளெக்ஸ்ல அதுக்கு காசு கட்டி பிளெக்ஸ் பாஸ் வாங்கணும், எம்பில அதே மாதிரி பிரீமியர் வாங்கணும்.

டிவி ஸ்டோர்ல தேடி இன்ஸ்டால் பண்றதுல பிளெக்ஸ் தான் முன்னாடி நிக்கிது, சாம்சங், எல்ஜி ரெண்டுலயும் தேடினா உடனே வரும். எல்ஜில ஜெல்லிஃபினும் ஸ்டோர்ல கெடைக்கும். சாம்சங்ல தான் சிக்கல், ஜெல்லிஃபின்ன போட வருஷக்கணக்கா எல்லாரும் சொல்ற வழி என்னன்னா டிவிய டெவலப்பர் மோடுக்கு மாத்தி ஆப்ப கம்ப்யூட்டர்ல இருந்து டிவிக்குள்ள அனுப்பறது. அத ஒரு தடவ செஞ்சிடலாம், ஆனா டிவிய ரீசெட் பண்ணா திரும்ப மொதல்ல இருந்து செய்யணும், அது அம்மா ரூம் டிவிக்கு சரிப்படாது லா. கோடி இந்த ரெண்டு டிவி ஸ்டோர்லயும் இல்லவே இல்ல, அதுக்கு பாக்ஸ் வேணும்.

டிவிக்குள்ள இருக்கற ஆப்புங்களுக்கு இன்னொரு குறை, சவுண்டு. சாம்சங் 2018 மாடல்ல இருந்து டிடிஎஸ்ங்கற சவுண்டு ஃபார்மட்ட தூக்கிட்டாங்க, எல்ஜியும் 2020ல தூக்கினாங்க. அந்த மாதிரி ஃபைல் வந்தா சர்வர் சவுண்ட மட்டும் மாத்தி அனுப்பும், அது பெரிய சுமை இல்ல. சப்டைட்டில் தான் சர்வர முறிக்கும். புளூரேல வர்ற சப்டைட்டில் எழுத்து இல்ல, படம், டிவி ஆப்புக்கு அத காட்டத் தெரியலன்னா சர்வர் முழு வீடியோவையும் பிரிச்சு அதுமேல எழுத்த ஒட்டி திரும்ப சுத்தி அனுப்பணும், 4கேன்னா சின்ன மெஷின் எல்லாம் திணறிடும். எழுத்தா இருக்கற எஸ்ஆர்டி சப்டைட்டில் ஃபைலா, தமிழ் எழுத்து ஒடையாம இருக்க யுடிஎஃப்-8ன்னு சேவ் பண்ணி வெச்சுக்கிட்டா இந்த தலைவலி இல்ல. தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமா வந்தா ஜெல்லிஃபின் செட்டிங்ல ஃபால்பேக் ஃபான்ட்டுன்னு ஒன்னு இருக்கு, அங்க நோட்டோ சான்ஸ் தமிழ்ங்கற எழுத்துரு இருக்கற ஃபோல்டர காட்டிப் பாருங்க. கோடில சப்டைட்டில் ஃபான்ட்ட நாமளே மாத்திக்கலாம்.

இப்ப பழைய வீடியோ. இதுக்காகவே நான் கோடிய விட மாட்டேன். விசிடினா எம்பெக்-1ங்கற பழைய வீடியோ ஃபார்மட், அகலம் 352 புள்ளி, உயரம் 288 தான், நம்ம ஊரு டிவிடி பால் சிஸ்டம், 576 வரி, அதுவும் நெறைய நேரம் ஒத்த வரி ஒரு தடவ ரெட்ட வரி ஒரு தடவன்னு பிரிச்சு எடுத்தது. அந்த மாதிரி டிவிடிய அப்படியே போட்டா யாராவது கை அசைக்கும்போது ஓரம் எல்லாம் சீப்பு மாதிரி பல்லு பல்லா தெரியும். டிவிக்குள்ள இருக்கற ஆப்பு பாதி நேரம் இந்த ஃபைல திறக்கவே மாட்டேங்குது, சர்வர் தான் மாத்திக் குடுக்கணும். கோடி அங்கயே டீஇன்டர்லேஸ் பண்ணிடும், அதாவது பிரிஞ்ச வரிங்கள சேத்து சீப்ப போக்கிடும், ரிஃப்ரெஷ் ரேட்ட, அதாவது டிவி செகண்டுக்கு எத்தன தடவ படத்த புதுசா காட்டுதுங்கறத, வீடியோவுக்கு ஏத்த மாதிரி மாத்தச் சொல்ற ஆப்ஷன ஆன் பண்ணிட்டா டிவியும் 50 ஹெர்ட்ஸுக்கு போயிடும், தாலி கட்டற காட்சி இழுத்து இழுத்து வராம ஒழுங்கா ஓடும். எங்க குடும்பத்துல அந்த விசிடில இருக்கற பெரியவங்க பாதி பேரு இப்ப இல்ல, அதனால இந்த ஒரு விஷயத்துல நான் விட்டுக் குடுக்கறதில்ல. ஜெல்லிஃபின் லைப்ரரிய கோடிக்குள்ளயே காட்ட ஜெல்லிகான்னு ஒரு ஆட்-ஆன் இருக்கு, ரெண்டையும் சேத்தே வெச்சுக்கலாம்.

அப்புறம் நெட். பிளெக்ஸ் லாகின் அவங்க சர்வர் வழியா தான் போவுது, ஃபைபர் கட்டாகி கெடக்கற நாள்ல நம்ம வீட்டுக்குள்ள இருக்கற படத்துக்கே தகராறு வரலாம், முன்னாடியே செட்டிங்ல வீட்டு ஐபிய, அதாவது வீட்டு நெட்வொர்க் முகவரிய, அனுமதிச்சு வெச்சா தப்பிக்கலாம். ஜெல்லிஃபின்ல அக்கவுண்டே நம்ம மெஷின்ல தான், டிவில குவிக் கனெக்ட் குடுத்தா 6 இலக்க நம்பர் வரும், ஃபோன்ல அத போட்டா முடிஞ்சது, அப்பாவுக்கு பாஸ்வேர்ட ரிமோட்ல தட்டற வேலை இல்ல.

பட்டர்வொர்த் அண்ணனுக்கு தான் பிளெக்ஸ் ரொம்ப சுலபம், ஆனா 2025 ஏப்ரல்ல இருந்து வெளிய இருந்து பாக்கறதுக்கு காசு. சர்வர் வெச்சிருக்கறவங்க பிளெக்ஸ் பாஸ் வாங்கணும், 2025ல அது ஆயுசுக்கு 250 டாலர் கிட்ட இருந்துச்சு, இல்லன்னா பாக்கறவங்க மாசாமாசம் கட்டணும், அப்ப அது 2 டாலர் கிட்ட. ஜெல்லிஃபின்னோட, தூரத்துல இருக்கற மெஷினையும் வீட்டு நெட்வொர்க்ல இருக்கற மாதிரி சேக்கற டெயில்ஸ்கேல் ஆப்ப போட்டா காசில்லாம அதே வேலை நடக்கும், ஆண்ட்ராய்டு டிவிலயும் அந்த ஆப் இருக்கு, என்ன, ஒரு தடவ நேர்ல போய் செட் பண்ணிக் குடுத்துட்டு வரணும்.

எம்பி பத்தி நெறைய சொல்ல ஒன்னும் இல்ல. ஆப் நல்லா தான் இருக்கு, ஆனா காசு குடுக்கறதா இருந்தா பிளெக்ஸ் எடுக்கலாம், குடுக்கறதா இல்லன்னா ஜெல்லிஃபின், நடுவுல நிக்க எனக்கு காரணம் தெரியல.

நான் சொல்றது, டிவிக்குள்ள இருக்கற ஆப்ப நம்பாதீங்க, எல்லா டிவிக்கும் ஒரே மாதிரி ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ் வாங்கி ஜெல்லிஃபின் போடுங்க, ஹால்ல இருக்கறதுல கோடியும் சேத்து. கோலாலம்பூர் லோயாட் பிளாசால கடை கடையா கெடைக்கும், ஆனா பேரு தெரியாத மலிவு பாக்ஸ் வேணாம், கூகுள் சான்றிதழ் இருக்கான்னு கேட்டு வாங்குங்க. அப்ப தான் அம்மா ரூம்லயும் தம்பி ரூம்லயும் ஒரே ரிமோட், ஒரே ஸ்க்ரீன், ஒருத்தருக்கு சொல்லிக் குடுத்தா மத்தவங்களுக்கும் அவங்களே சொல்லிக் குடுத்துடுவாங்க. கேபிள் இழுக்க முடிஞ்சா பாக்ஸுக்கு கிகாபிட் போர்ட் இருக்கான்னும் பாத்துக்கோங்க, நெறைய டிவியோட லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் தான், 4கே புளூரே ரிப் சில காட்சில அதுக்கு மேல போயிடும், அந்த எடத்துல நல்ல 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையே மேல்.