சிவனொளிபாதமலை வழிகாட்டி: தலைப்புகளைப் பாதைவாரியாக அடுக்குவதா, விடயவாரியாக அடுக்குவதா?

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு சிவனொளிபாதமலைக்கான இணைய வழிகாட்டியொன்றைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். 2,243 மீற்றர் உயரமான அந்த மலைக்கு நல்லதண்ணியிலிருந்து ஒன்று, குருவிட்டப் பக்கத்து எரத்னவிலிருந்து ஒன்று, இரத்தினபுரிப் பக்கத்துப் பலாபத்தலவிலிருந்து ஒன்று என மூன்று முக்கிய பாதைகள் உண்டு. பக்கத்தின் முதன்மைத் தலைப்புக்கு அடுத்து வரும் இரண்டாம் நிலைத் தலைப்பாகப் பாதையின் பெயரை வைப்பதா, அல்லது போக்குவரத்து, படிகள், தண்ணீர், கடைகள் என விடயங்களை வைப்பதா என்பதில் இரண்டு முறைகளையும் செய்துபார்த்த பின்னரே பாதைவாரி அடுக்கைத் தெரிவு செய்தேன்.

விடயவாரி அடுக்கில், எவ்வழியால் ஏறுவதென்று இன்னும் முடிவெடுக்காத ஒருவர் மூன்று தூரங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். அந்தத் தேவையைப் பக்கத்தின் தொடக்கத்தில் ஒரு சிறிய அட்டவணையே நிறைவேற்றிவிடும்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது பராமரிப்பு. மலையிலிருந்து வரும் செய்திகள் எப்போதும் பாதையின் பெயரோடுதான் வருகின்றன: எரத்ன வழியில் மண் சரிந்திருக்கிறது, நல்லதண்ணிக்கு இன்று பேருந்து இல்லை. பழைய விடயவாரி அடுக்கில் இப்படியொரு செய்திக்காக ஐந்து பிரிவுகளைத் தேடித் திருத்த வேண்டியிருந்தது. நான்கைத் திருத்தி ஐந்தாவதை மறந்த நாட்களும் உண்டு. இப்போது ஒரு தலைப்பின் கீழ் உள்ளதை மேலிருந்து கீழாக வாசித்தால் வேலை முடிந்துவிடும்.

பழைய அடுக்கில் பாதைகளின் பெயர்களைத் தலைப்பாக்காமல் வெறும் தடித்த எழுத்தில் விட்டிருந்தது இன்னொரு பிழை. ஓர் ஆகஸ்ட் மாதத்தில் எரத்ன வழியாக ஏறப் புறப்பட்ட எங்கள் சித்தப்பா, கைபேசியில் 'கடைகள்' என்ற தலைப்பைத் தொட்டு, "இரவு முழுவதும் தேநீர்க் கடைகள் திறந்திருக்கும்" என்ற வரியை வாசித்திருக்கிறார். அது டிசம்பர் போயா (பௌர்ணமி) முதல் வெசாக் போயா வரையான பருவத்தில் நல்லதண்ணி வழிக்கு மட்டும் பொருந்துவது. ஒரு போத்தல் தண்ணீரோடு காட்டுக்குள் ஏறியவர், திரும்பி வந்து அந்த வரியை எனக்குக் காட்டினார். அன்றிரவே பக்கத்தை மாற்றியமைத்தேன்.

தடித்த எழுத்து கண்ணுக்குத் தலைப்பாகத் தோன்றினாலும், பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானுக்கு அது சாதாரண வரிதான். என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் பாவிப்பவர் 2 என்ற விசையை அழுத்தி இரண்டாம் நிலைத் தலைப்புகளுக்குத் தாவுவார். பாதைகள் அந்த நிலையில் இருந்தால் மூன்றே அழுத்தங்களில் மூன்றும் அவருக்குக் கிடைத்துவிடும். எழுத்தைச் சிறிதாக்குவதற்காக இரண்டாம் நிலையிலிருந்து நேரே நான்காம் நிலைக்கு இறங்குவதும் கூடாது; எழுத்தின் அளவை, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் மாற்றிக்கொள்ளலாம்.

பாதைவாரி அடுக்கிலும் ஒரு குறை உண்டு: அட்டைக்கடி, குளிர், உடை போன்றவை மூன்று தடவை திரும்ப வருகின்றன. அவற்றை 'எல்லாப் பாதைகளுக்கும் பொதுவானவை' என்ற நான்காவது தலைப்பின் கீழ் ஒன்றாகச் சேர்த்தேன். 'தண்ணீர்' என்று மட்டும் இருந்த உபதலைப்பை 'எரத்ன வழியில் தண்ணீர்' என விரித்தெழுதினேன். தலைப்புப் பட்டியலை மட்டும் கேட்பவருக்கு மூன்று 'தண்ணீர்' எதையும் சொல்லாது.

என் அனுபவம் மூன்று பாதைகள் கொண்ட ஒரு மலையோடு நின்றுவிடுகிறது. பிரதேசம், பாறை, பாறையின் பகுதி, ஏறுவழி என நாலைந்து படிநிலைகள் தேவைப்படும் பாறையேற்ற வழிகாட்டிகளில், இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல் தரும் ஆறு தலைப்பு நிலைகளும் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், ஒவ்வொரு பாறைக்கும் தனிப் பக்கம் ஒதுக்குவதே இலகுவாக இருக்கக்கூடும்.