63 சென்ரிமீற்றர் குறையும் ஓடுபாதை

வெளிநாட்டிலிருந்து போகிற நாங்கள் வன்னி மைதானங்களை இரண்டு கோலத்தில்தான் காண்கிறோம். ஓகஸ்ட் விடுமுறையில் போனால் சோளகக் காற்றில் புழுதி பறக்கும். டிசெம்பரில் போனால் கோல் கம்பத்தடியில் தவளை கத்தும். மழை விட்டு, புல் பச்சையாக நின்று, பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டி நடக்கிற காலத்தில் எங்களில் அநேகம் பேர் அங்கே இல்லை. அதனால்தான் காசு பவிலியனுக்கும் வெற்றிக் கிண்ணத்துக்கும் போகிறது, தரைக்குப் போவதில்லை. இந்த ஓகஸ்டில் பரந்தனிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளியவளை வரை பார்த்த மைதானங்களை வைத்து, உதவ நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஓடுபாதை. ஓர் ஊர் மைதானத்தில் 400 மீற்றர் பாதை நூல் பிடித்தாற்போல் அழகாகக் கிடந்தது. அரைவட்ட ஆரை 36.50 மீற்றர், நேர்ப்பகுதி 84.39 மீற்றர். புத்தகத்தில் உள்ள கணக்குத்தான். ஆனால் அந்தக் கணக்கு, உள்விளிம்பில் உயர்ந்த கட்டு உள்ள பாதைக்கு உரியது. கட்டு இருந்தால் அதிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி அளக்க வேண்டும். வெறும் வெள்ளைக் கோடு என்றால் 20 சென்ரிமீற்றர். புல் தரையில் கட்டு ஏது? கோட்டிலிருந்து 20 தள்ளி அளந்தால் ஒரு சுற்று 399.37 மீற்றர்தான் வரும். 63 சென்ரிமீற்றர் குறைவு. 5000 மீற்றர் ஓட்டத்தில் பன்னிரண்டரைச் சுற்றுக்கு ஏறக்குறைய 8 மீற்றர் போய்விடும். ஊரில் எடுத்த நேரம் கொழும்பு சுகததாச அரங்கில் வரவில்லை என்று பிள்ளையைக் குறை சொல்ல முன், அளவு ரேப்பை எடுத்துப் பாதையை அளந்து பார்க்க வேண்டும்.

திருத்தம் எளிது. ஆரையை 36.60 ஆக்கினால் சுற்று சரியாக 400 வரும். 400 மீற்றர் ஓட்டத்தில் வெளிச் சுவடுகளில் (ஓடும் நிரைகளில்) நிற்பவர்களை முன்னே நிறுத்த விடும் முன்தள்ளலும் அப்படித்தான். கட்டு உள்ள பாதையில் இரண்டாம் சுவட்டுக்கு 7.04 மீற்றர், அதற்கு மேல் ஒவ்வொரு சுவட்டுக்கும் 7.67. கட்டு இல்லாத பாதையில் இரண்டாம் சுவட்டுக்கும் 7.67 விட வேண்டும். 7.04ஐ அப்படியே போட்டால் இரண்டாம் சுவட்டில் நிற்கிற பிள்ளை முதலாம் சுவட்டுப் பிள்ளையைவிட 63 சென்ரிமீற்றர் கூட ஓடும்.

துணி ரேப்பால் அளக்காதீர்கள், இழுக்க இழுக்க நீளும். 50 மீற்றர் உருக்கு ரேப் ஒன்று வாங்கிக் கொடுப்பது நல்ல உதவி. இன்னொன்று: இரண்டு அரைவட்டங்களின் மையத்திலும் ஒவ்வொரு இரும்புக் குழாயை, தலை தரைமட்டத்துக்கு 15 சென்ரிமீற்றர் கீழே இருக்கும்படி, கொங்கிறீற்றில் நட்டு மூடி போட்டுவிட்டால் ஒவ்வொரு வருசமும் மையம் தேடி அரை நாள் அலையத் தேவையில்லை. அரை மூடை சீமெந்து போதும். எட்டுச் சுவட்டுக்கு 178க்கு 93 மீற்றர் நிலம் வேண்டும். அவ்வளவு இல்லாத இடத்தில் 400ஐ நெருக்கிப் போடாமல் 300 அல்லது 200 மீற்றர்ப் பாதையைச் சரியாகப் போடுவதே புத்தி.

கோடு போட நீற்றுச் சுண்ணாம்பு வேண்டாம். வியர்வையோடு சேர்ந்து தோலை எரிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. உரக்கடை டொலமைற் தூள் அல்லது தண்ணீர் கலந்த வெள்ளை எமல்சன் பெயின்ற் போதும்.

புல்லுக்கு வருவோம். அநேக மைதானங்களில் நடந்திருக்கும் பிழை ஒன்றுதான்: பள்ளத்தை நிரப்ப கிரவல் பறித்திருக்கிறார்கள். கோடையில் அந்தக் கல்லெல்லாம் மேலே வந்து முழங்காலைக் கிழிக்கிறது. வன்னிக்குத் தோதான புல் அறுகு. விதை வாங்கத் தேவையில்லை. வேரோடு கிள்ளிய கொடித்துண்டுகளை ஓரடி இடைவெளியில், ஒக்டோபர் மழை தொடங்கும்போது நட்டு, இரண்டு மாதம் யாரும் மிதியாமல் விட்டால் தரையை மூடிவிடும். இந்த இரண்டு மாதத்துக்குள் ஒரு சுற்றுப்போட்டியோ பொதுக்கூட்டமோ வந்து ரிப்பர் ஏறினால் அந்த வருசப் பாடு அவ்வளவுதான்.

கோடை முழுக்கத் தண்ணீர் விட்டுப் பச்சையாக வைத்திருக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. உதைபந்தாட்ட மைதானம் ஒன்று கிட்டத்தட்ட 7000 சதுர மீற்றர். நாளுக்கு 5 மில்லிமீற்றர் நீர் என்றால் 35,000 லீற்றர். 5000 லீற்றர் பவுசரில் ஏழு தடவை. ஊர் குடிநீருக்கு அலைகிற மாதத்தில் இது நடக்கிற காரியமா? கோல் வாயிலுக்கும் 100 மீற்றர் நேர்ப்பகுதிக்கும் மட்டும் தண்ணீர் விட்டால் போதும். மிச்ச அறுகு காய்ந்ததுபோல் கிடந்து முதல் மழையோடு தளிர்க்கும். டிசெம்பர் வெள்ளத்துக்குத்தான் முதலில் வழி செய்ய வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு நூறுக்கு ஒன்று சரிவும், சுற்றிவர ஒன்றரை அடி அகலத்தில் வாய்க்காலும், அந்த வாய்க்காலுக்கு ஒரு போக்கிடமும் வேண்டும். போக்கிடம் இல்லாத வாய்க்கால்களையும் பார்த்தேன். மூன்று மாதம் நுளம்பு வளர்க்கும், அவ்வளவுதான்.

மாடு இன்னொரு பிரச்சினை. ஈரத் தரையில் குளம்பு பதிந்த குழி காய்ந்து இறுகினால் கணுக்கால் பிசகுவது நிச்சயம். முட்கம்பி வேலிக்குக் கிளுவைக் கதியால் நட்டால் சீமெந்துத் தூணுக்குச் செலவில்லை. பற்றைக் காட்டை வெட்டி மைதானத்தைப் பெருப்பிக்க நினைத்தால், கண்ணிவெடி அகற்றப்பட்ட நிலமா என்று பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்தாமல் மண்வெட்டி வைக்கக் கூடாது.

நீளம் பாய்தல் குழிக்கு மணல் எவ்வளவு வேண்டும் என்பதில் எல்லோரும் தடுமாறுகிறார்கள். 9 மீற்றர் நீளம், 2.75 அகலம், சராசரி 40 சென்ரிமீற்றர் ஆழம் என்றால் மூன்றரைக் கியூப் (ஒரு கியூப் 100 கனஅடி). கடல் மணல் இறுகிவிடும், ஆற்று மணல்தான் நல்லது. அனுமதிப்பத்திரத்தோடு வருகிற மணலாக இருக்கட்டும். இறக்க முன் ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணலும் மிச்சத்துக்குத் தண்ணீரும் விட்டுக் குலுக்கி வையுங்கள். மேலே தடித்த சேற்றுப் படை நின்றால் ரிப்பரைத் திருப்பி அனுப்பலாம். அந்தச் சேறுதான் கோடையில் கல்லாக இறுகி முதுகெலும்பைப் பதம் பார்க்கும். குழியை மைதானத்தின் மேடான மூலையில் வெட்டுங்கள். பள்ளத்தில் வெட்டினால் மார்கழியில் அது கிணறு.

இனி, பொதியில் கொண்டுபோகும் பொருட்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாங்கும் ஸ்பைக் சப்பாத்துகள் பெரும்பாலும் 6 மில்லிமீற்றர் ஆணியோடு வருகின்றன. அது செயற்கைத் தடத்துக்கு. வன்னிப் புல்லில் அது பிடிக்காது, வழுக்கும். 12 அல்லது 15 மில்லிமீற்றர் வேண்டும். அதே பிள்ளை தேசிய மட்டத்துக்குப் போனால் திரும்பக் கழற்ற வேண்டும், செயற்கைத் தடத்தில் 9 மில்லிமீற்றருக்கு மேல் விதி விடாது (ஈட்டிக்கும் உயரம் பாய்தலுக்கும் 12). ஆகவே ஒரு சோடிச் சப்பாத்தோடு இரண்டு அளவு ஆணியும் ஓர் ஆணிச் சாவியும் போக வேண்டும். சாவி இல்லாமல் குறட்டால் திருகித் தலை தேய்ந்த ஆணிகளோடு நல்ல சப்பாத்துகள் களஞ்சிய அறையில் கிடக்கின்றன. வெறுங்காலோடு வளர்ந்த பாதம் அகலமானது. காலின் நீளத்தை மட்டும் கேட்காமல் தாளில் பாதத்தை வரைந்து அனுப்பச் சொல்லுங்கள். பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டு உள்ளாடை கொண்டுபோங்கள். எவரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். ஆசிரியை ஒருவரிடம் கொடுத்தால் போய்ச் சேரும்.

கருவியே அதிகம் தேவைப்படாத நிகழ்ச்சிகளும் உண்டு. முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 72 வயதில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் வென்றவர். அந்த வகைக்குச் சரியாக அளந்த பாதையும் ஒரு நேரக்கணிப்பானும் இருந்தாலே தொடங்கிவிடலாம்.

சாப்பாட்டுக்குப் புரத மாப்பேணி அனுப்பாதீர்கள். 50 கிலோ நிறையுள்ள, கடுமையாகப் பயிற்சி செய்கிற பிள்ளைக்கு நாளுக்கு 70 முதல் 85 கிராம் புரதம் வேண்டும். முட்டை ஒன்றில் 6 கிராம். 100 கிராம் கச்சானிலும் அதேயளவு உலர்ந்த பயறிலும் கிட்டத்தட்ட 25 கிராம் வீதம். பயிற்சி முடிந்த கையோடு இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் அவித்த பயறும் கொடுக்க ஊர்க் கடையிலேயே கணக்கு வைக்கலாம். கொழும்புப் போட்டிக்கு இரவு பஸ்ஸில் போய் விடியற்காலை இறங்கி அன்று காலையே தகுதிகாண் ஓட்டம் ஓடுகிற பிள்ளையிடம் பதக்கம் எதிர்பார்ப்பது அநியாயம். ஓர் இரவுத் தங்குமிடத்துக்கான காசு, ஒரு கிண்ணத்தைவிட எவ்வளவோ பெறுமதி.

காசை நீட்ட முன், மைதானம் யாருடையது என்று கேளுங்கள். பாடசாலை நிலம் என்றால் அதிபரோடு வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும், பொது மைதானம் என்றால் பிரதேச சபையின் எழுத்தும் வேண்டும். கழகம் என்றால் பிரதேச செயலகத்தில் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று அங்குள்ள விளையாட்டு உத்தியோகத்தரிடம் கேட்கலாம். கரப்பந்தாட்டத் திடலுக்கு வெளிச்சம் போட்டுக் கொடுப்பவர்கள் மின்மானி யாரின் பெயரில் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 200 வாற் விளக்கு எட்டு, நாளுக்கு இரண்டு மணித்தியாலம் எரிந்தால் மாதம் 96 அலகு. ஒரு திடலில் விளக்கு, கம்பம், வயர் எல்லாம் புதிசாக நிற்கின்றன. பில் கட்ட ஆளில்லாமல் இணைப்பு மட்டும் துண்டிக்கப்பட்டிருக்கிறது.