டபுள் வால் என்றால் எந்தச் சுவர் என்று கேளுங்கள்

"காப்பியில எண்ணெ மெதக்குதுடி" என்று அம்மா மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். குவளையைச் சரியாகக் கழுவவில்லை என்று நான் அவரையே குறை சொன்னேன். ஒருநாள் சமையலறைக் குழாயின் சுடுதண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். மழை விட்டதும் பெட்ரோல் ஸ்டேஷன் தரையில் நீலமும் ஊதாவுமாய் ஒரு பளபளப்பு தெரியுமே, அதுதான்.

நாங்கள் மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா. அப்பாவுக்கு இன்னமும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான். தோட்டத்து லயத்தில் விறகடுப்பில் தண்ணீர் காய்ச்சியே காலம் தள்ளியவர் அம்மா. தாமான் வீட்டுக்கு வந்த பிறகு குழாயைத் திருகினால் சுடுதண்ணீர் வரவேண்டும் என்பது அவருடைய ஆசை. ஏர்கோன் சூட்டில் தண்ணீர் காயவைக்கும் தொட்டி விற்க வந்த ஏஜெண்ட் பிடித்துக்கொண்டது அதைத்தான்.

ஏர்கோன் ஓடும்போது வெளியே போகிற சூடு வீண்தானே, அந்தச் சூடான கேஸைத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு காயில் (சுருள் குழாய்) வழியாகச் சுற்றவிட்டால் தனியாகக் கரண்ட் இல்லாமலே தண்ணீர் சூடாகும் என்றான். இதில் பொய் இல்லை, ஹோட்டல்களில்கூடச் செய்கிறார்கள். "கேஸும் தண்ணியும் கலந்துடாதா தம்பி?" என்று கேட்டேன். "டபுள் வால்க்கா, கவலைய விடுங்க" என்று தொட்டியின் வயிற்றைத் தட்டிக் காட்டினான். 3,800 வெள்ளி. சமையலறைக்கும் ஒரு பைப் இழுத்துக் கொடுத்தான், "ஆண்டிக்கு ஃப்ரீ" என்று.

வாரண்டி 12 மாதம். பதினான்காவது மாதம் ஏர்கோனில் குளிர் குறையத் தொடங்கியது. சுடுதண்ணீர்க் குழாய் புஸ்ஸென்று காற்றோடு துப்பியது. இரண்டையும் அம்மாவின் காப்பியோடு சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் ஏர்கோன் நின்றே போனது.

வழக்கமாகச் சர்வீஸ் செய்யும் சீன அங்கள்தான் தொட்டியைப் பிரித்தார். காயிலின் அடிவளைவில், சேறு படிந்திருந்த இடத்தில் ஊசி முனையளவு ஓட்டை. "சத்து லாப்பிஸ் சஜா," என்றார். ஒரே ஒரு அடுக்கு. பிறகு தொட்டியின் வெளித்தகட்டையும் உள்தகட்டையும் நடுவில் இருந்த ஃபோமையும் விரலால் காட்டிச் சிரித்தார். அந்தத் தம்பி சொன்ன டபுள் வால் இதுதான். சூடு ஆறாமல் இருக்கப் போடும் சட்டை!

உண்மையான டபுள் வால் என்பது கேஸுக்கும் தண்ணீருக்கும் நடுவில் இரண்டு உலோகச் சுவர். அந்த இரண்டுக்கும் இடையில் மெல்லிய இடைவெளி, அது வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும். எந்தச் சுவர் ஓட்டையானாலும் கசிவு அந்த இடைவெளி வழியாக வெளியே சொட்டும், கண்ணில் படும். குடிதண்ணீருக்குள் போகாது. நச்சுத் திரவம் ஓடும் இடத்தில் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று அமெரிக்கப் பிளம்பிங் விதிகளிலேயே இருக்கிறது. விலை கூடும், சூடேற்றமும் சற்று மந்தம். விற்பவர்கள் நழுவுவது அதனால்தான்.

நான் கேட்டேன், "ஓட்டை விழுந்தா தண்ணிதானே காயிலுக்குள்ள போகும்?" இல்லையாம். எங்கள் ஏர்கோனில் ஓடுவது R410A என்ற கேஸ். ஓடும்போது அதன் அழுத்தம் 25 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) பக்கம் போகும். கூரைத் தொட்டித் தண்ணீருக்கு 10 மீட்டர் உயரத்துக்குத்தான் 1 பார். எங்கள் கூரை அதில் பாதிகூட இல்லை. ஆகவே கேஸும் அதோடு சுற்றும் கம்ப்ரெசர் எண்ணெயும்தான் தண்ணீருக்குள் வரும். கேஸ் எல்லாம் தீர்ந்த பிறகு தண்ணீர் உள்ளே நுழைந்து கம்ப்ரெசரைக் கொல்லும். எங்கள் வீட்டில் இரண்டும் வரிசையாக நடந்தன.

ஏஜெண்டுக்குப் போன் போட்டேன். "கோட்டேஷன்ல டபுள் வால் டேங்க்னுதானேக்கா இருக்கு, காயில்னு எங்க இருக்கு?" என்றான். எடுத்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. வயிறு எரிந்தது.

இப்போது பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், பிரச்சினை எழுந்து 3 ஆண்டுக்குள் போடவேண்டும். வாட்சாப்பில் அவன் "கேஸ் கலக்கவே கலக்காது" என்று அனுப்பியதை நல்லவேளை அழிக்கவில்லை. அறுத்த காயில் பிஸ்கட் டின்னில் இருக்கிறது.

சோலார் சுடுதண்ணீர்த் தொட்டி வாங்குகிறவர்களும் இதே கேள்வியைக் கேளுங்கள். குளிர் நாட்டுக்குச் செய்த சில வகைகளில் தண்ணீருக்குப் பதில் உறையாத் திரவம் சுற்றும். கேமரன் மலையிலேயே குழாய் உறையாத நாட்டில் அது எதற்கு? அந்தத் திரவம் எத்திலீன் கிளைக்கால் என்றால் விஷம், அதுவும் தித்திக்கும் விஷம், நாக்குக்குத் தெரியாது.

அந்த ஏஜெண்டின் லோரி எங்கள் தாமானில் இன்னும் நான்கு வீட்டில் இதே தொட்டியை இறக்கியிருக்கிறது. இறக்கிக்கொண்டவர்கள், காயில் தொட்டிக்குள் நுழையும் இடத்தில் வெளியே திறந்த கசிவுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். காணவில்லை என்றால் சமையலறைக்குப் போகும் சுடுதண்ணீர் வால்வை இன்றைக்கே மூடிவிடுங்கள். அம்மா இப்போது கெட்டிலில்தான் தண்ணீர் வைக்கிறார். காப்பி கொடுக்கும்போதெல்லாம் கிண்ணத்தைச் சாய்த்து என் முகத்துக்கு நேரே ஒருமுறை காட்டிவிட்டுத்தான் தருகிறார்.