சூம் எச்1 எசென்ஷியல்: தனி ஆளாகப் படமெடுப்பவருக்கான ரெக்கோடர்

கொழும்பு வெள்ளவத்தையில் பேட்டி எடுத்தால் முதலில் கெடுவது சத்தம்தான்: காலி வீதி பஸ் ஹோர்ன், கடலோர ரயில். இந்தச் சின்ன ரெக்கோடர், மெல்லிய சத்தத்தையும் உரத்த சத்தத்தையும் ஒன்றாகத் தாங்கும் 32-பிட் ஃப்ளோட் முறையில் பதிவதால் கெயின் (ஒலியை உள்வாங்கும் அளவு) திருகவே வேண்டாம். பேசுபவர் திடீரென்று உரத்துச் சிரித்தாலும், எடிட்டில் அளவைக் குறைத்தால் குரல் உடையாமல் கிடைக்கும். கமராவையும் தானே பிடிப்பவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

காற்றுக்கு மட்டும் இது மருந்தில்லை. கடலோரக் காலிமுகத்திடலில் மைக்குக்கு ரோம உறை போடாவிட்டால் மைக்கில் காற்று மோதும் உறுமல் குரலோடு கலந்துவிடும். பிறகு பிரிக்க முடியாது. அறைக்குள் வாயிலிருந்து இரண்டு சாணுக்குள் வையுங்கள், தள்ளிப்போனால் எதிரொலி.

இரண்டு ஏஏஏ பற்றரி போதும். வீடியோவுக்கு வழக்கமான 48 கிலோஹேர்ட்ஸில் ஸ்டீரியோவாகப் பதிந்தால், ஒரு மணிநேரத்துக்குக் கார்டில் சுமார் 1.4 ஜிபி இடம் பிடிக்கும். கமராவும் ரெக்கோடரும் தனித்தனியாக ஓடுவதால் நீண்ட பேட்டியில் ஒலியும் படமும் மெல்ல விலகும். எடிட்டில் இரண்டையும் பொருத்த, தொடக்கத்திலும் முடிவிலும் கைதட்டிப் பதியுங்கள்.