பயோகெமிஸ்ட்ரி பட்டம்: எடுக்கலாமா, வேண்டாமா?

பயோகெமிஸ்ட்ரியில், அதாவது உயிர்களுக்குள் நடக்கும் வேதியியலில், இளநிலைப் பட்டம் முடித்துவிட்டு இப்போது ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். படித்த படிப்புக்கு ஐந்துக்கு மார்க் போடச் சொன்னால் பாடத்துக்கு மூன்று, லேபுக்கு ஐந்து, வேலைக்கு வழிகாட்டியதற்கு இரண்டு.

பாடத்தில் முதல் வருடம் முழுக்க மனப்பாடம்தான். புரதங்களைக் கட்டும் 20 அமினோ அமிலங்கள், செல் குளுக்கோஸை உடைக்கும் கிளைக்காலிசிஸின் 10 படிகள், அப்புறம் உணவிலிருந்து செல் ஆற்றல் எடுக்கும் கிரெப்ஸ் சுழற்சி. விடைத்தாளைக் கொடுத்த கையோடு பாதி மறந்துபோனது. ஹான்ஸ் கிரெப்ஸ் புறாவின் மார்புத் தசையை அரைத்து, அது ஆக்சிஜனை இழுக்கும் வேகத்தை அளந்து அளந்துதான் அந்தச் சுழற்சியைப் பிடித்தார். 1937-இல் அவர் அனுப்பிய கட்டுரையை நேச்சர் என்ற அறிவியல் இதழ் போடவில்லை. 1953-இல் நோபல் கிடைத்தது. இந்தக் கதையில் ஆரம்பித்திருந்தால் எனக்கு இன்றும் அந்தச் சுழற்சி நினைவிருந்திருக்கும். எங்களுக்குக் கிடைத்ததோ போர்டு நிறைய அம்புக்குறி.

லேபுக்கு ஏன் ஐந்து என்று சொல்கிறேன். பிராட்ஃபோர்டு முறையில் புரதத்தை அளக்கும் வகுப்பு. கூமாசி சாயம் பழுப்பாக இருக்கும், புரதம் சேர்ந்தால் நீலமாகும், அந்த நீலத்தை 595 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளக்க வேண்டும். என் டியூபில் வெறும் தண்ணீரும் சாயமும்தான், அதுவே நீலமாகிவிட்டது! சாயம் கெட்டுவிட்டதென்று இரண்டு தடவை புதிதாகக் கலக்கினேன். மறுபடியும் நீலம். லேப் உதவியாளர் டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "சோப்பு சரியா போகலையே" என்றார். சோப்பின் மிச்சமும் அந்தச் சாயத்தை நீலமாக்கும். ஆறேழு தடவை அலசிய பிறகுதான் சரியானது.

போன மாதம் ஒரு ரத்த மாதிரியில் பொட்டாசியம் லிட்டருக்கு 7.1 மில்லிமோல் என்று மெஷின் காட்டியது. இதயமே நின்றுபோகக்கூடிய அளவு. ரிப்போர்ட் அனுப்பும் முன், அந்த லேப் உதவியாளர் செய்த மாதிரியே டியூபைத் தூக்கிப் பார்த்தேன். மஞ்சளாக இருக்க வேண்டிய சீரம் (ரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் திரவம்) சிவந்து கிடந்தது. சிவப்பணுக்கள் உடைந்து உள்ளேயிருந்த பொட்டாசியம் கசிந்திருக்கிறது. திரும்ப எடுத்த ரத்தத்தில் 4.2, இயல்பான அளவு.

அடுத்தது வேலை. சேரும்போது ஆராய்ச்சி, மருந்து கம்பெனி என்று அடுக்கினார்கள். வெறும் பட்டத்தோடு போனால் கிடைப்பது பெரும்பாலும் தரக்கட்டுப்பாட்டு லேப், டெக்னீஷியன் வேலை, இல்லையென்றால் கருவி விற்பனை. மருத்துவ லேபுக்குக்கூட நான் தனியாகப் பயிற்சி எடுத்தேன். சொந்தமாக ஆராய்ச்சி செய்ய வேண்டுமென்றால் முதுநிலை, பிஎச்டி என்று இன்னும் பல வருடம் போகும். புரத வடிவங்களைக் கம்ப்யூட்டரில் கணித்ததற்கு 2024-இல் வேதியியல் நோபலே கொடுத்துவிட்டார்கள். எங்களுக்கு ஒரு வரி புரோகிராமிங் சொல்லித்தரவில்லை. மருத்துவம் கிடைக்காத ஆறுதலுக்கு இதில் சேர்ந்தவர்கள்தான் அதிகம் புலம்பினார்கள். நன்றாக வந்த தோழி ஒருத்தி, சோப்புத்தூளுக்கு என்சைம் தயாரிக்கும் இடத்தில் இருக்கிறாள். என் நீல டியூபைச் சொல்லிக் கிண்டலடிப்பதை இன்னும் அவள் விடவில்லை.

சேரப் போகிறவர்கள் கல்லூரிக் கட்டடத்தைப் பார்த்து மயங்காமல், லேபில் திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட் ஒன்றுக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். எங்களுக்கு நாலு பேருக்கு ஒன்று. சண்டை போட்டுத்தான் கையில் பிடித்தேன்.