காப்பித் தோட்டத்தைப் பாகம் பிரித்துக் கொடுத்த பத்திர எழுத்தர்

கொடைக்கானல் மலையில் பண்ணைக்காட்டுக்கு மேலே எங்கள் அப்பா 1978-ல் வாங்கிய தோட்டம், 3 ஏக்கர் 50 சென்ட். காப்பி, மிளகு, கொஞ்சம் கமலா ஆரஞ்சு. அப்பா போய் இரண்டு வருஷம் ஆனபிறகு பாகம் பிரிக்கலாம் என்று பேச்சு வந்தது. அம்மா, அண்ணன்மார் இரண்டு பேர், அக்கா, கடைசியாக நான். வத்தலக்குண்டில் இருக்கும் இந்தப் பத்திர எழுத்தரிடம்தான் வேலை முடிந்தது. மலையில் நிலம் வைத்திருக்கிறவர்களுக்கு உபயோகப்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் வேறு ஓர் ஊரில் வேறு ஒருவரிடம் போனோம். நாங்கள் உட்காருவதற்கு முன்பே, அக்காவும் நானும் எங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணன்மாருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பதாக நகல் தயாராக இருந்தது. தொகை மட்டும் எழுதாமல் விட்டிருந்தார். அக்காவுக்கு 1986-ல் கல்யாணம். "89-க்கு முந்திக் கட்டிக்கொடுத்த பொண்ணுக்குப் பாத்தியதை கிடையாது" என்று அடித்துச் சொன்னார். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸில், வழியில் இருக்கும் ஊத்து என்ற ஊர் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வத்தலக்குண்டுக்காரர் வேறு மாதிரி. மூலப்பத்திரத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தார். "இது உங்கப்பா சொந்தச் சம்பாத்தியத்துல வாங்குனது. உயில் எழுதல. அம்மாவுக்கும் நாலு பிள்ளைகளுக்கும் சரிசமம், அஞ்சு பங்கு" என்றார். அக்கா கல்யாணத் தேதியைச் சொன்னாள். அந்த 1989 கணக்கு பூர்வீகச் சொத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம். அதையும் 2005-ல் மத்திய சட்டம் மாற்றிவிட்டது. 2020-ல் உச்ச நீதிமன்றமும் மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை என்று சொல்லிவிட்டது. உங்கள் நிலத்துக்கு அந்தப் பேச்சே வராது என்று விளக்கினார். பெரியண்ணன் கெட்டவர் இல்லை, அவரும் ஊர் சொன்னதைத்தான் நம்பியிருந்தார். "சரிங்கய்யா, அஞ்சாவே போடுங்க" என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

அப்புறம் வில்லங்கம் போட்டுப் பார்த்தார். அப்பா எப்போதோ கட்டி முடித்த கடனுக்கு அடமானம் ரத்து பதியாமலே கிடந்தது. அதைச் சரிசெய்யவே ஒரு மாதம் போயிற்று.

ஆனால் நான் இவருக்குக் கடன்பட்டிருப்பது இதற்காக இல்லை. ஆளுக்கு 70 சென்ட் என்று புலப்படத்தில் கோடு போட்டுக் கொடுத்திருந்தால் அரை நாள் வேலை. இவர் ஒரு சர்வேயரைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தார். கார்த்திகை மழை, காலெல்லாம் அட்டை. "மலைக்காட்டுல சென்ட் கணக்கு பாதிதான், தண்ணியும் தடமும் மீதி" என்று சொல்லிக்கொண்டே மேல் எல்லையிலிருந்து ஓடை வரைக்கும் எங்கள் எல்லோரையும் நடக்க வைத்தார். ஊற்று ஒன்றுதான், அது மேல் துண்டில் இருக்கிறது. ஜீப் வரும் தடம் கீழ்த் துண்டோடு நின்றுவிடும். நடுவில் வருகிறவர் காப்பி மூட்டையை யார் நிலத்து வழியாகத் தூக்கிப் போவது? ஆறடி வழிநடைப் பாதையும், ஊற்றுத் தண்ணீரில் ஒவ்வொருவருக்கும் இன்ன கிழமை என்ற முறையும் பத்திரத்திலேயே ஏறின. களமும் காப்பிப் பழத்தோல் உரிக்கும் பல்பர் மெஷினும் ஐவருக்கும் பொது. எல்லை விழுந்த இடத்தில் நின்ற சில்வர் ஓக் ஒன்றில் மிளகுக்கொடி உச்சி வரைக்கும் ஏறியிருந்தது. சின்னண்ணன் நட்டது. அந்தக் கொடிக்காக எல்லைக்கல்லை இரண்டடி நகர்த்தி, அதற்கு ஈடாகக் கீழே அளந்து கொடுத்தார்கள். அண்ணன் அந்த மரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

துண்டுகளைப் பெரியண்ணன் சொல்லச் சொல்லச் சர்வேயர் குறித்தார். மூத்தவர் பங்கு போட்டால் இளையவர் முதலில் எடுக்க வேண்டும் என்றார் பத்திரக்காரர். "பாப்பா, நீ எடு" என்றார் அண்ணன். ஓடை ஓரத்து ஆரஞ்சு மரங்கள் இருந்த துண்டை எடுத்தேன். அப்பா கையால் வைத்த மரங்கள், இப்போது காய்ப்பு குறைவுதான். வீட்டை ஒட்டிய துண்டு அம்மாவுக்கு. அந்த வருஷக் காப்பிப் பழம் பறித்து முடிக்கும் வரைக்கும் பதிவு வேண்டாம் என்று தை கடைசி வரை நிறுத்தி வைத்தார். பழம் விற்ற பணத்தில்தான் செலவு முழுவதும் நடந்தது. பித்தளை அண்டா, தராசு எல்லாம் அம்மா இருக்கும் வரை அம்மாவிடமே.

செலவைச் சொல்லிவிடுகிறேன். குடும்பத்துக்குள் பாகப்பிரிவினைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலையிலிருந்து ஒரு பங்குக்கு உச்சவரம்பு தீர்வைக்கு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய். எங்கள் நிலத்துக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்புக்கு அந்த வரம்பு வரைக்கும் போகவில்லை. எழுத்துக்கூலி 15,000 கேட்டார், ரசீது கொடுத்தார். குறைந்த கூலி இல்லை.

குறையும் உண்டு. போன் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். முதல் நகலில் என் பங்கு 0.28 ஹெக்டேருக்குப் பதில் 0.82 என்று விழுந்திருந்தது. அதைக் கண்டுபிடித்தது அக்கா. கவனிக்காமல் பதிந்திருந்தால் பிழைதிருத்தல் பத்திரம் என்று அலைந்திருப்போம். உங்கள் நகலை எண் எண்ணாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அலுவலகம் மாடியில், படி குறுகல். முழங்கால் வலியால் அம்மாவால் ஏற முடியவில்லை. அவரே இறங்கி வந்து கீழே டீக்கடை பெஞ்சில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முழுப் பத்திரத்தையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். நான்கெல்லை வந்த இடத்தில் அம்மா, "கிழக்கே பலாமரம்னு எழுதுங்க, அவரு அப்படித்தான் சொல்வாரு" என்றாள். பேனாவை எடுத்து அந்த இடத்திலேயே எழுதிச் சேர்த்தார்.

போகிறவர்கள் மூலப்பத்திரம், பட்டா, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று நான்கையும் எடுத்துப் போங்கள். வீட்டுப் பெண்களையும் கூடவே கூட்டிப் போங்கள், அவர்கள் வராமல் அவர் பேச்சை ஆரம்பிக்கவே மாட்டார். உட்பிரிவாகி என் பெயருக்குத் தனிப்பட்டா போன மாதம் வந்தது.